மிடறு: விழுங்குதலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சாப்பிடும்போது புரை ஏறினால் அம்மா உச்சந்தலையில் தட்டிவிட்டு, 'யாரோ உன்னை நினைக்கிறாங்கடா' என்பாள். யார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இதை மூடநம்பிக்கை என்று பதினெட்டு வயதில் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. மூச்சுக்குழலின் வாசலில் ஒரு பருக்கை இடறியதும் உடல் பதறி எழுந்து இருமுகிறதே, அப்போது நம்மை நினைத்துக்கொள்வது நம் உடல்தான். புரை ஏறுகிறவன் பிழைத்துக்கொள்கிறவன். புரைகூட ஏறாதவனைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

நான்கு வருடங்களுக்கு முன், என் முப்பத்து மூன்றாம் வயதில், வயிற்றுப்போக்கு வந்து நின்ற பத்தாம் நாள் உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கியது. இரண்டாம் நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் கை தூக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் என் குரல் மூக்கால் வந்தது, குடித்த காப்பியும் மூக்கால் வந்தது. அரசு மருத்துவமனையில் 'ஜி.பி.எஸ்.' என்றார்கள். கீயான்–பாரே என்று இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படும் நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது. வென்டிலேட்டர் என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது, ஆனால் எனக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மூக்குவழி இரைப்பைக்குப் போகும் ஒரு குழாய். ரைல்ஸ் டியூப் என்று வார்டில் ஆயாம்மாவுக்குக்கூடத் தெரிந்த பெயர். நாற்பத்தொரு நாள் அது என் மூக்கில் இருந்தது.

கால் வந்த கதையை நண்பர்கள் கேட்கிறார்கள். கை வந்த கதையையும் கேட்கிறார்கள். நடக்க முடியாமல் போனவன் மறுபடி நடந்தான் என்பது கதையாவதற்கு ஏற்ற விஷயம். விழுங்க முடியாமல் போனவன் மறுபடி விழுங்கினான் என்பதை யாரும் கேட்பதில்லை. நானும் எழுத நினைத்ததில்லை. ஆனால் படுக்கையில் கிடந்தபோது, இந்தத் தொண்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றில் சிறைகளும் சட்டங்களும் சாதியும் இருக்கின்றன என்ற எண்ணம் வந்தது. பிறகு தேடிப் படித்ததை இங்கே வைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன், தமிழ் எம்.ஏ. படித்தவன். அந்த எல்லையோடு வாசிக்கவும்.

2

எம்.ஏ. வகுப்பில் தொல்காப்பியத்தின் பிறப்பியலை மனப்பாடம் செய்திருக்கிறோம். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது. ஆக எட்டு இடங்கள். உலகின் எந்த மொழியியலாளரும் வியக்கக்கூடிய துல்லியம். ஆனால் இதே இதழும் பல்லும் நாவும் அண்ணமும் மிடறும்தான் விழுங்கவும் செய்கின்றன. பேசுகிற வாய் இலக்கணத்துக்குள் வந்தது. விழுங்குகிற வாய் சமையலறைக்கும் வைத்தியனுக்கும் விடப்பட்டது. குரலை அறிவின் இடத்திலும் சோற்றை உடம்பின் இடத்திலும் வைக்கிற இந்தப் பிரிவினை நம்முடையது மட்டுமல்ல, மேற்கத்தியத் தத்துவத்துக்கும் உரியதுதான். ஆனால் மொழி சில சமயம் இலக்கணத்தைவிட நேர்மையாக இருக்கிறது. 'மிடறு' என்றால் தொண்டை. 'ஒரு மிடறு தண்ணீர்' என்றால் ஒரு தடவை விழுங்குகிற அளவு. உறுப்புக்கும் அதன் செயலுக்கும் ஒரே சொல்.

ஒரு மிடறுக்குள் நடப்பது இது. நாக்கு உணவை உருட்டிப் பின்னால் தள்ளுகிறது. மெல்லண்ணம் மேலேறி மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை முன்னும் மேலுமாக எழும்புகிறது (தொண்டையில் விரல் வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், தெரியும்). குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன, குரல்வளை மூடி கவிழ்கிறது, மூச்சு நிற்கிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையைக் கடக்கும் இந்தப் பகுதி முடிய ஏறத்தாழ ஒரு நொடி. ஐந்து கபால நரம்புகளும் முப்பதுக்குக் குறையாத தசைகளும் அந்த ஒரு நொடிக்காக ஒத்திசைய வேண்டும். ஒரு நாளில் பல நூறு முறை இதைச் செய்கிறோம், தூக்கத்திலும்கூட.

இதை மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதியவர் பிரெஞ்சு உடலியலாளர் ஃபிரான்சுவா மஜாந்தீ. 1813இல் குரல்வளை மூடியைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டார். விலங்குகளை உயிரோடு அறுத்துப் பார்த்தவர் என்று அவர் காலத்திலேயே கண்டனத்துக்கு ஆளானவரும் அவர்தான். வாய், தொண்டை, உணவுக்குழாய் என்ற அந்த மூன்று கட்டப் பிரிவு இன்றுவரை பாடநூல்களில் இருக்கிறது. அதில் என்னை உறுத்திய விஷயம் ஒன்றுண்டு. முதல் கட்டம் நம் விருப்பத்தில் நடக்கிறது: வாயில் வைத்திருக்கலாம், துப்பிவிடலாம். இரண்டாம் கட்டம் தொடங்கிவிட்டால் நம் கையில் இல்லை. விழுங்குதல் என்பது விருப்பம் முடிந்து அனிச்சை தொடங்குகிற எல்லையில் நிற்கும் செயல். 'வேண்டாம்' என்று சொல்லக் கிடைக்கும் கடைசி இடம் நாக்கின் பின்பகுதி. வரலாறு முழுக்க அதிகாரம் அந்த இடத்தைத் தாண்டத்தான் முயன்றிருக்கிறது.

என் நோயில் பழுதானது இந்த ஒத்திசைவு. கிருமியை எதிர்க்கப் பிறந்த எதிர்ப்புச் சக்தி ஆள் மாறாட்டமாக நரம்பின் உறையையே தாக்குகிறது. காலில் தொடங்கி மேலே ஏறும் இந்த வாதத்தை 1859இலேயே லாந்திரி என்பவர் விவரித்திருந்தார். 1916இல், முதல் உலகப்போரின் நடுவே, பிரெஞ்சுப் படையின் மருத்துவர்கள் ஜார்ஜ் கீயான், ஜான் அலெக்சாந்தர் பாரே, ஆந்திரே ஸ்ட்ரோல் மூவரும் இரண்டு சிப்பாய்களைப் பரிசோதித்து, முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியும் செல்கள் கூடாமலும் இருப்பதைக் காட்டினார்கள். நோயின் பெயரில் பின்னர் ஸ்ட்ரோல் உதிர்ந்துபோனார், லாந்திரியும் பெரும்பாலும் உதிர்ந்துபோனார். அந்த இரண்டு சிப்பாய்களின் பெயர் முதலிலிருந்தே இல்லை. பெயர் சூட்டுகிற வரலாறு யாரை விழுங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

3

குழாயின் வரலாற்றுக்கு வருகிறேன். 1793இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். விழுங்கும் தசைகள் செயலிழந்துபோன நோயாளி. ஹண்டர் ஒரு மெல்லிய கோலின்மேல் விலாங்கு மீனின் தோலை உறைபோல மாட்டி, அதைத் தொண்டை வழியே இரைப்பைக்குச் செலுத்தி, உணவையும் மருந்தையும் அதன் வழியே கொடுத்தார். நோயாளி தேறினார். எனக்கு இந்தக் குறிப்பைப் படித்தபோது கண் கலங்கியது. என் மூக்கில் இருந்த குழாயின் பாட்டன் ஒரு விலாங்கு மீன்!

ஆனால் ஹண்டரின் குழாய் நோயாளியிடமே நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அது மனநலக் காப்பகங்களுக்குள் போகிறது. அங்கே குழாய் செலுத்தப்பட்டவர்கள் விழுங்க முடியாதவர்கள் அல்லர், விழுங்க மறுத்தவர்கள். 'முடியாது' என்பதற்காகச் செய்த கருவி 'மாட்டேன்' என்பதற்கு எதிராகத் திரும்பிய இடம் இது. மறுப்பை நோயாக வாசித்துவிட்டால் அதை உடைப்பதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கலாம். ஃபூக்கோ காப்பகத்தைப் பற்றியும் சிறையைப் பற்றியும் தனித்தனிப் புத்தகங்கள் எழுதினார். இரண்டையும் இணைக்கும் கருவிகளைப் பட்டியலிட்டால் இந்த ரப்பர்க் குழாயையும் சேர்க்க வேண்டும்.

1909 ஜூலையில் வாக்குரிமைக்காகப் போராடிய மரியன் வாலஸ் டன்லப் ஹாலோவே சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். 91 மணி நேரத்துக்குப் பின் விடுதலையானார். மற்ற பெண்களும் அதையே செய்யத் தொடங்கியதும், செப்டம்பரில் பர்மிங்காம் வின்சன் கிரீன் சிறையில் மேரி லீ முதலானவர்களுக்குக் கட்டாயமாகக் குழாய் செலுத்தினார்கள். அரசு தரப்பு இதற்குச் சூட்டிய பெயர் 'மருத்துவமனைச் சிகிச்சை'. மேரி லீ வழக்குத் தொடர்ந்தார். கைதியின் உயிரைக் காப்பது சிறை அதிகாரிகளின் கடமை என்று அந்த ஆண்டே நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. கவனியுங்கள்: கொல்லும் உரிமை அல்ல, உயிரோடு வைத்திருக்கும் உரிமைதான் இங்கே அதிகாரத்தின் மொழி.

இந்த உயிர் காக்கும் கடமையும் எல்லா உயிருக்கும் ஒன்றாக இல்லை. லேடி கான்ஸ்டன்ஸ் லிட்டன் பிரபு குடும்பத்துப் பெண், இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டனின் மகள். 1909இல் நியூகாசில் சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது இதயம் பலவீனமென்று இரண்டே நாளில் விடுதலை செய்தார்கள். அவருக்குச் சந்தேகம் வந்தது. 1910 ஜனவரியில் முடியை வெட்டிக்கொண்டு, மலிவான உடை உடுத்து, ஜேன் வார்ட்டன் என்ற தையல்காரியாக லிவர்பூலில் கைதானார். இந்த முறை முதல் குழாய்க்கு முன் இதயத்தை யாரும் சோதிக்கவில்லை. எட்டு முறை குழாய் செலுத்தினார்கள். அதே உடம்பு, அதே இதயம், வேறு வர்க்கம். இதைவிடத் தெளிவான வர்க்க ஆய்வை நான் வாசித்ததில்லை.

4

மூக்குக் குழாய் போடுகிறவர்கள் எல்லாரும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: 'விழுங்குங்க, விழுங்குங்க.' குழாயின் நுனி தொண்டைக்கு வந்ததும் இரண்டு வழி. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழாய். விழுங்கினால் முன்வழி மூடிப் பின்வழி திறக்கும். விழுங்க முடியாதவனுக்கும் விழுங்க மறுப்பவனுக்கும் முன்வழி திறந்தே கிடக்கிறது. நோயாளியும் போராளியும் உடற்கூற்றியல்படி ஒரே ஆபத்தில் நிற்கும் இடம் இது. 1913 பிப்ரவரியில் ஹாலோவே சிறையில் லிலியன் லென்டனின் நுரையீரலுக்குள் உணவு போய்விட, மரணத் தறுவாயில் அவசரமாக விடுதலை செய்தார்கள். அந்த ஆண்டே 'பூனை எலிச் சட்டம்' வந்தது: பட்டினியால் நலிந்தவரை வெளியே விடு, தேறியதும் பிடி. 1917 செப்டம்பரில் டப்ளினில் அயர்லாந்துப் போராளி தாமஸ் ஆஷ் கட்டாய உணவூட்டலுக்குப் பிறகு இறந்தார்.

லாகூரில் 1929இல் நடந்ததை நாம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறோம். ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து செப்டம்பர் 13 அன்று இறந்தார் என்று. 'பட்டினியால் இறந்தார்' என்றே மனதில் பதிந்திருக்கிறது. ஜூலை இறுதியில் அவரைப் பலர் சேர்ந்து அழுத்திப் பிடித்துக் குழாய் செலுத்தியபோது அது நுரையீரலைச் சேதப்படுத்தியதும், அதற்குப் பின் அவர் தேறவே இல்லை என்பதும் அந்த ஒரு வரிக்குள் வருவதில்லை. 1933 மே மாதம் அந்தமான் செல்லுலார் சிறையில் மகாவீர் சிங் இறந்ததும் இப்படித்தான். அந்த உண்ணாவிரதத்தில் அவரையும் சேர்த்து மூன்று பேர் உயிர்விட்டார்கள். பசியைத் தாங்கியவர்களை உணவு கொன்றது. தியாகக் கதையாடலுக்குப் பட்டினி தேவைப்படுகிறது, குழாய் தேவைப்படுவதில்லை. அதனால்தான் குழாய் மறைந்துபோகிறது.

சுதந்திர இந்தியாவுக்கும் குழாய் வந்தது. 2000 நவம்பரில் மணிப்பூரின் மாலோமில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டத்துக்கு எதிராக இரோம் சர்மிளா தொடங்கிய உண்ணாவிரதம் 2016 ஆகஸ்ட் 9இல்தான் முடிந்தது. அத்தனை ஆண்டுகளும் தற்கொலை முயற்சிச் சட்டத்தின்கீழ் அவரைத் திரும்பத் திரும்பக் கைதுசெய்து, மூக்கில் குழாயோடு வைத்திருந்தது அரசு. உலக மருத்துவச் சங்கம் 1975இன் டோக்கியோ அறிவிப்பில், தெளிந்த மனதோடு உணவை மறுக்கும் கைதிக்குச் செயற்கையாக உணவூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது, 1991இன் மால்ட்டா அறிவிப்பு அதை விரித்தது. சட்டம் அந்தத் திசையில் நகரவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு புதிய சட்டத்தில் இல்லை என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 226ஆவது பிரிவு, அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருக்கிறது. துயரத்தால் சாக முயன்றவரை விட்டுவிடலாம், கோரிக்கையோடு பட்டினி கிடப்பவரை விடக் கூடாது! இதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் பேசியே ஆக வேண்டும்.

5

இவ்வளவும் எழுதிவிட்டு என் கதையின் ஒரு பகுதியை மறைத்தால் அது நேர்மையில்லை.

மூன்றாம் வாரம் கைகளில் கொஞ்சம் பலம் திரும்பியது. ஓரிரவு தூக்கக் கலக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டேன். மறுபடி போட்டார்கள். மறுநாள் இரவும் பிடுங்கினேன், இந்த முறை தூக்கம் இல்லை, தெரிந்தேதான். போதும் என்று தோன்றியது. காலையில் என் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டினார்கள். யாரும் கோபப்படவில்லை, திட்டவில்லை. 'உங்க நல்லதுக்குத்தான் சார்' என்றார்கள். உண்மையும் அதுதான். குழாய் இல்லாவிட்டால் நான் செத்திருப்பேன். என் அக்கா அந்த முடிச்சு இறுகிவிடாமல் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

லிட்டனின் கைகளைப் பிடித்தவர்களுக்கும் என் கைகளைக் கட்டியவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் ஃபூக்கோவின் பெயரால் கைதட்டல் கிடைக்கும். எல்லா மருத்துவமும் அதிகாரமே என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடலாம். தொண்ணூறுகளின் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்த எனக்கு அந்த வாக்கியம் கைவசம் தயாராகவே இருக்கிறது. ஆனால் கட்டிலில் கிடந்தவனுக்கு அந்த வாக்கியம் உதவவில்லை. நான் வாழ விரும்பினேன், அதே சமயம் குழாயை வெறுத்தேன். இரண்டும் என்னுடையவைதான். ஜதீன் தாஸிடம் இந்தப் பிளவு இல்லை. அவருடைய 'மாட்டேன்' பொதுவில் சொல்லப்பட்டது, காரணத்தோடு சொல்லப்பட்டது, பல வாரம் மாறாமல் நின்றது. என்னுடையது இரவு இரண்டு மணிக்குச் சொல்லப்பட்டது. ஆனாலும் அதுவும் ஒரு 'மாட்டேன்'தானே, அதை யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

கேட்டவர் ஒருவர் இருந்தார். இரவுப் பணிக்கு வந்த சிஸ்டர். கட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, 'எதுக்குப் பிடுங்குனீங்க?' என்றார். எழுத்து அட்டையில் விரல் வைத்துக் காட்டினேன்: மூக்கு எரிகிறது, பிளாஸ்திரி இழுக்கிறது. 'அவ்வளவுதானே' என்று பிளாஸ்திரியை மாற்றி, குழாயைச் சற்றுத் தளர்த்தி ஒட்டினார். 'கட்டட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க' என்றார். வேண்டாம் என்றேன். அதற்குப் பின் நான் குழாயைப் பிடுங்கவில்லை. வித்தியாசம் குழாயில் இல்லை, அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று இன்று சொல்வேன். எளிய பதில்தான். ஆனால் அந்த வார்டில் இருந்த நாற்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு சிஸ்டர்கள். கேள்வி கேட்க நேரம் வேண்டும், நேரத்துக்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சம்மதம் என்பது தத்துவப் பிரச்சினை மட்டுமல்ல, பட்ஜெட் பிரச்சினையும்கூட.

கைகளைப் பற்றிய இன்னொரு வரலாறும் உண்டு. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோய். பிளெக்டாம் மருத்துவமனையில் இரும்பு நுரையீரல் ஒன்றும் மார்புக்கவச வகைக் கருவிகள் ஆறும் மட்டுமே இருந்தன. மூச்சுத் திணறியவர்களில் முதல் 31 பேருக்குச் சிகிச்சையளித்தும் 27 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு அங்கே பலருக்குத் தாக்கப்பட்டது மூளைத்தண்டு, அதாவது விழுங்கும் நரம்புகள். இரும்பு நுரையீரல் காற்றை உள்ளே இழுத்தது, காற்றோடு தொண்டையில் தேங்கிய எச்சிலையும் சளியையும் சேர்த்து இழுத்தது. நோயாளிகள் தங்கள் எச்சிலிலேயே மூழ்கினார்கள். ஆகஸ்ட் 27 அன்று மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, சுற்றிலும் காற்றால் உப்பும் பட்டை கொண்ட குழாயைச் செருகி, எச்சில் இறங்காமல் அடைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தார். அவள் பிழைத்தாள்.

எந்திரங்கள் இல்லை. மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் ஏறத்தாழ 1500 பேர் முறைவைத்து, இரவும் பகலும், மாதக்கணக்கில் பையை அமுக்கினார்கள். ஒரே சமயத்தில் எழுபது நோயாளிகள்வரை. மொத்தம் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் மணி நேரம் என்று கணக்கிடுகிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற இன்றைய ஐ.சி.யூ. இங்கேதான் பிறந்தது என்பார்கள். எந்திரங்களின் கோயில் என்று நாம் நினைக்கும் இடம், விழுங்க முடியாத தொண்டைகளுக்காகப் பிறருடைய கைகள் வலித்ததில் தொடங்கியது. என் சிரிஞ்சில் கஞ்சி ஊற்றிய அக்காவின் கையும், வாயைத் துடைத்த ஆயாம்மாவின் கையும் அந்த வரிசையில்தான் வருகின்றன. எனக்கு ஏற்றிய ஐ.வி.ஐ.ஜி. மருந்துகூட ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்துக் கலந்ததுதான். 1992இல் ஒரு டச்சு ஆய்வு இந்த நோயில் அதன் பயனை நிறுவியது. யார் சாதி என்ன என்று அந்தப் பாட்டிலில் எழுதியிருக்கவில்லை.

6

குழாயோடு கிடந்த நாட்களில் ஒருநாள், பார்க்க வந்த உறவினர் ஒருவர் பாசத்தில் எனக்கு இரண்டு வாய் காப்பி ஊட்டிவிட்டார். புரை ஏறவில்லை. எல்லாருக்கும் மகிழ்ச்சி, 'இறங்கிடுச்சு பாரு' என்றார்கள். இரண்டாம் நாள் நிமோனியா. இருமலைத் தூண்ட வேண்டிய நரம்பும் மரத்துப்போயிருந்ததால் காப்பி சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போயிருந்தது. யாரும் நினைக்காத புரை அது. அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதை என் வலது நுரையீரல் கற்றுக்கொண்டது.

விழுங்கக் கற்பித்தல் ஒரு துறையானது அண்மையில்தான். அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சியாளர்களே இதைக் கையில் எடுத்தார்கள். ஜெரி லோகமன் 1983இல் எழுதிய நூல் அடிப்படை நூலாயிற்று. பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, எக்ஸ்ரேயை அசையும் படமாகப் பார்த்து, எந்த நொடியில் எது தவறுகிறது என்று கண்டுபிடிக்கும் முறையை அவர் வளர்த்தார். பேச்சையும் விழுங்கலையும் தொல்காப்பியம் சேர்க்கவில்லை, இந்தத் தொழில் சேர்த்துவிட்டது.

எங்கள் வார்டுக்கு வந்த பயிற்சியாளர் முதலில் கொடுத்தது தண்ணீர் அல்ல, கூழ். தண்ணீர்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்றார். அது வேகமாக ஓடுகிறது, தாமதமாக மூடும் தொண்டை அதை முந்த முடியாது. கெட்டியானது மெதுவாக வரும், தொண்டைக்கு அவகாசம் தரும். இன்று உலக அளவில் உணவின் கெட்டித்தன்மையை 0 முதல் 7 வரை தரப்படுத்தியிருக்கிறார்கள். நம் உரைகாரர்கள் உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்று நான்காகப் பிரித்தது நினைவுக்கு வந்தது. நீராகாரம், கஞ்சி, கூழ், களி என்ற நம் வரிசையும் ஓர் அளவுகோல்தான். என்ன, கூழும் களியும் ஏழைச் சோறு என்று அதை நாம் மறந்துகொண்டிருக்கிறோம். ஒவ்வொரு வாய்க்குப் பிறகும் 'ஆ' சொல்லச் சொன்னார். குரல் ஈரமாக, கொழகொழவென்று வந்தால் குரல்நாணின்மேல் உணவு தங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து அவர் சொன்னது, 'தாடையை நெஞ்சோட ஒட்டிக் குனிஞ்சு விழுங்குங்க. அண்ணாந்து குடிக்கவே கூடாது.' என் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. உதட்டில் படாமல் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். வாய் வைத்துக் குடித்தால் பாத்திரம் எச்சில் என்று அடி வாங்கியிருக்கிறேன். அண்ணாந்தால் மூச்சுக்குழலின் வாசல் விரிந்துகொள்ளும், ஆரோக்கியமான தொண்டை சமாளித்துவிடும், என் தொண்டையால் முடியாது. கழுத்து பழைய வழக்கத்தில் தானாகப் பின்னால் சாயும். அவர் பிடரியில் கை வைத்து முன்னால் அழுத்துவார். முப்பது வருட ஆசாரத்தை என் கழுத்திலிருந்து இறக்க மூன்று வாரம் ஆனது.

எச்சில் என்ற சொல்லைப் பற்றி அப்போது நிறைய யோசித்தேன். நம் சமூகம் விழுங்குதலைப் பற்றிப் பேசாமல் இருந்ததாக முன்பு எழுதினேன், அது முழு உண்மையல்ல. யார் வாய் எதில் படலாம் என்பதைப் பற்றி அது ஓயாமல் பேசியிருக்கிறது. தண்ணீர் கேட்ட தலித்துக்குப் பாத்திரம் தராமல், குனிந்து ஏந்திய கைகளில் உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறது. தேநீர்க் கடையில் இரண்டாவது குவளையை வெளியே தொங்கவிட்டிருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தாரே, அது ஒரு மிடறுதான். அந்த மிடறுக்குப் பின் அங்கே வந்தவர்களை அடித்தார்கள், குளத்தைச் சடங்கு செய்து 'சுத்தம்' செய்தார்கள். விழுங்குதல் ஒருபோதும் வெறும் உடலியலாக இருந்ததில்லை.

வார்டில் என் வாயிலிருந்து வழிந்த எச்சிலை நாற்பது நாள் துடைத்த ஆயாம்மா, எங்கள் ஊரில் எங்கள் வீட்டுச் செம்பைத் தொட முடியாத சாதியில் பிறந்தவர். இதை அவரே, பேச்சோடு பேச்சாக, ஊர்ப்பெயர் கேட்டதும் சொன்னார். 'உங்க தெருவுல நாங்க செருப்புப் போட்டு நடந்ததில்ல தம்பி' என்றார். சொல்லிக்கொண்டே துடைத்தார். எனக்குப் பதில் சொல்லக் குரல் இல்லை. குரல் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. மேடைகளில் சாதியொழிப்பு பேசியவன்தான் நான்.

7

நாற்பத்திரண்டாம் நாள் ஒரு தேக்கரண்டித் தண்ணீர். குனிந்தேன், மூச்சை நிறுத்தினேன், விழுங்கினேன். இருமல் வந்தது. பயிற்சியாளர் சிரித்தார்: 'நல்லது, இருமல் வந்தா நல்லது. உங்களுக்குப் புரை ஏறத் தெரிஞ்சுடுச்சு.' இரண்டாம் கரண்டி இறங்கியது. 'ஆ' சொன்னேன். குரல் காய்ந்திருந்தது.

இன்றும் கூட்டங்களில் பாட்டில் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக் குடிக்கும் தோழர்கள் நடுவே நான் மட்டும் தம்ளரில் வாய் வைத்து, தலை குனிந்து குடிக்கிறேன். களைப்பாக இருந்தால் தண்ணீரில் இன்னும் புரை ஏறுகிறது. வீட்டில் அம்மா இப்போது செம்புக்குப் பதில் தம்ளர் வைக்கிறாள், 'வாய் வெச்சே குடி' என்கிறாள். எனக்கு மட்டும்தான் அந்தச் சலுகை, வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் அல்ல. அது இன்னும் முடியாத சண்டை.

வீடு திரும்பிய பிறகு ஆயாம்மாவைப் பார்க்க ஒருமுறை மருத்துவமனைக்குப் போனேன். ஒப்பந்தம் முடிந்து வேறு ஆட்களை எடுத்துவிட்டார்கள், அவர் எங்கே போனார் என்று வார்டில் யாருக்கும் தெரியவில்லை. புரை ஏறும்போதெல்லாம் அம்மா இன்னும் 'யாரோ நினைக்கிறாங்க' என்கிறாள். யாரை நான் நினைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிகிறது.